பார்க்காத எடைக்குக் கையெழுத்தில்லை

பல் பிடுங்கிய இடம் புண்ணாகி ஒரு வாரம் வீட்டில் கிடந்துவிட்டு வேலைக்கு வந்த தராசக்காவுக்கு மாடிப்படி ஏறும்போதே கைதட்டல் கேட்டது. அந்த ஆய்வுக்கூடத்தில் கைதட்டுகிற வழக்கமே கிடையாது. நல்ல காரியம் ஏதாவது நடந்தால் நாலு பேர் தலையாட்டிக்கொள்வார்கள், அதோடு சரி. வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருக்க, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நடுமேசையில் ஒரு கேக் பாதி வெட்டியபடி இருந்தது. துறைத்தலைவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல் அத்தனை வரிசையாக இருக்கும் என்பதே பதினெட்டு வருஷமாக அவளுக்குத் தெரியாது.

"அக்கா! அறுநூத்தி நாப்பது!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான் பென்சில்.

அவன் நாலாம் வருஷ ஆராய்ச்சி மாணவன். முப்பதுக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. ஆள் ஒல்லி, போதாக்குறைக்குக் காதில் எப்போதும் ஒரு பென்சில். பட்டப்பெயர் வைக்க யாரும் ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அறுநூத்தி நாப்பதா?" என்று கேட்க நினைத்தாள். வாயிலிருந்து வந்தது வேறு ஏதோ. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாக்கா! கிராமுக்கு அறுநூத்தி நாப்பது ஃபாரட். மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். மூணு தடவையும் அதேதான்!"

அவள் புருவம் ஏறியது. இதற்கு முன்னால் இந்தக் கூடத்தில் யாரும் இருநூற்றுப் பத்தைத் தாண்டியதில்லை.

அங்கே நடக்கும் வேலை என்னவென்று சொல்லிவிடலாம். கரி இழையால் நெய்த கறுப்புத் துணி ஒன்று உண்டு. அதன்மேல் மாங்கனீஸ் ஆக்சைடை ஊசி ஊசியாக வளர்ப்பார்கள். ஒவ்வொரு ஊசியும் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மெல்லிசு. அந்தத் துணி மின்சாரத்தை நொடியில் வாங்கி வைத்துக்கொண்டு நொடியில் திருப்பிக் கொடுக்கும். பேட்டரி நிதானமாக மென்று சாப்பிடுகிற ஆள் என்றால் இது அள்ளி விழுங்குகிற ஆள். பஸ் பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைப் பிடித்து வைத்து, கிளம்பும்போது ஒரே தள்ளாகத் தள்ளிவிடலாம். அதற்காகத்தான் பஸ் செய்கிற கம்பெனி ஒன்று ஒரு வருஷமாகத் துறைத்தலைவரோடு பேசிக்கொண்டிருந்தது.

துணி நல்லதா கெட்டதா என்பதை ஒரே ஓர் எண் சொல்லிவிடும். எவ்வளவு மின்சாரம் பிடித்தது என்பதை ஃபாரட் கணக்கில் அளந்து, ஏறியிருக்கிற ஆக்சைடின் எடையால் வகுக்க வேண்டும். மின்சாரத்தை அளக்கப் பெரிய பெரிய கருவிகள், கணினிகள், அவற்றுக்கு ஏழெட்டு ஆராய்ச்சிக்காரர்கள். எடையை அளக்க ஒரே ஒரு தராசு, ஒரே ஒரு தராசக்கா. வகுக்கிற எண் சின்னதானால் வருகிற எண் பெரிசாகும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

அவளுடைய தராசு மூலையில் ஒரு குட்டி அறையில், கருங்கல் மேசைமேல், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்கைக்கூடக் காட்டும். எதிரே நின்று பெருமூச்சு விட்டால் எண் ஆடும். செய்தவர் எடை போடக் கூடாது, எடை போட்டவர்தான் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் சட்டம். சட்டம் போட்டவர் வேறு யாருமில்லை, துறைத்தலைவரேதான்.

பென்சில் எடைத்தாளை நீட்டினான். "நீங்க லீவுல இருந்தீங்களா, அதான் நானே போட்டுட்டேன். கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்கக்கா."

அவள் தாளைப் பார்த்தாள். வெறும் துணி 14.02. ஆக்சைடு ஏறிய துணி 14.52. ஆக்சைடு 0.50 மில்லிகிராம்.

கழித்தல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கண் முதல் எண்ணிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தச் சுருளிலிருந்து வெட்டிய விரல்நகமளவு துண்டுகளில் இருநூறையாவது அவள் எடை போட்டிருப்பாள். எல்லாம் பன்னிரண்டே முக்காலுக்கும் பதின்மூன்றே காலுக்கும் நடுவில்தான். பதினாலு வந்ததே கிடையாது.

"உயத்துனியா?" என்றாள்.

"என்னக்கா?"

கைக்குட்டையை எடுத்துவிட்டு, வலியைப் பொறுத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். "வெறும் துணியை. எடை போடறதுக்கு முன்னாடி. ஓவன்ல. உலர்த்துனியா?"

பென்சில் காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டான். "அன்னைக்கு ஓவன்ல வேற யாரோ சாமான் வச்சிருந்தாங்கக்கா. ஆனா துணி காஞ்சுதான் இருந்துச்சு. தொட்டுப் பாத்தேனே."

"ஆக்சைடு ஏறினதுக்கு அப்புறம்?"

"அப்புறம் ராத்திரி முழுக்க ஓவன்லதான்."

அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கரித்துணி காற்றிலிருக்கும் ஈரத்தைச் சத்தமில்லாமல் குடிக்கிற ஜாதி. குடித்திருப்பது கைக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். முதலில் ஈரத்தோடு எடை போட்டிருக்கிறான், பிறகு உலர்த்தி எடை போட்டிருக்கிறான். நடுவில் போன ஈரம் ஆக்சைடின் எடையைத் தின்றுவிட்டது. ஒன்றரை மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் அரை மில்லிகிராம். இருநூற்றுச் சொச்சம் அறுநூற்று நாற்பதாக ஊதிக்கொண்டது அப்படித்தான். அவன் திருடவில்லை. அவசரப்பட்டிருக்கிறான்.

அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "மறுபடி ஒண்ணு செய் தம்பி. நான் போட்டுத் தரேன்."

அவன் முகம் விழுந்தது. அவள் பங்குக்கு வைத்திருந்த கேக் துண்டைப் பக்கத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். எப்படியும் அவளால் மெல்ல முடியாது.

மத்தியானம் துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை.

"கையெழுத்து போட மாட்டேன்னீங்களாமே?"

"அது நான் போட்ட எடை இல்ல சார்."

"தெரியும். வழக்கமான கையெழுத்துதானே கேக்கறோம்?"

"பாத்துட்டுப் போடறதுதான் சார் என் வழக்கம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கட்டுரை அனுப்பியாச்சு. கம்பெனிக்குச் சொல்லியாச்சு. பதினஞ்சு நாள்ல ஆளுங்க வராங்க. எடைத்தாள்ல கையெழுத்து இல்லாம ஃபைலை நீட்ட முடியுமா?"

"நாலு நாள்ல இன்னொண்ணு செஞ்சுடலாம் சார். முறையா உலர்த்தி எடை போடறேன். அறுநூத்தி நாப்பது வந்தா நானே எல்லாருக்கும் கேக் வாங்கித் தரேன்."

"வரலைன்னா?"

அந்தக் கேள்வியிலேயே பதில் இருந்தது. அவருக்கும் உள்ளூரத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார் அவர், குரலை உயர்த்தாமலே.

காது மடல் சுட்டது அவளுக்கு. "பன்னெண்டாவது சார். அதுக்கப்புறம் பதினெட்டு வருஷமா அந்தத் தராசு."

"கரிக்கும் ஈரத்துக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்க."

"நீங்க எடுத்த பாடம்தான் சார். நான் சேந்த முதல் வாரம். கரி ஈரத்தைக் குடிக்கும், உலர்த்தாத துணியைத் தராசுகிட்டயே கொண்டு போகாதன்னு நீங்கதான் சொன்னீங்க. எழுதி வச்சிருக்கேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசையில் கிடந்த ஏதோ ஒரு காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார். போகலாம் என்று அர்த்தம்.

மறுநாள் காலை அவள் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. ஒத்துழையாமை காரணமாக எடை அறைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, இன்று முதல் கிடங்குக்கு மாற்றப்படுகிறார். சாவியை ஒப்படைக்கவும்.

ஒத்துழையாமை. அந்த வார்த்தையை மூன்று தரம் படித்தாள். பதினெட்டு வருஷத்தில் தாமதமாக வந்ததாகக்கூட ஒரு குறிப்பு அவள் பேரில் இருந்ததில்லை. சாவியைக் கொடுத்தாள். கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் கணவர் பஸ் டிரைவர். அன்றைக்கு அவருக்குக் காலை ஷிப்ட், சாயங்காலம் வீட்டில்தான் இருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு, "அடேயப்பா, எங்கிட்ட இருபது வருஷமா நடக்கறதை எழுத்துல கண்டுபிடிச்சிருக்காங்க," என்றார். அவள் முறைத்த முறைப்பில் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிற மகள் கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "ஒரு கையெழுத்துதானேம்மா? போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? கிடங்குல போய் பாட்டில் எண்ணப் போறியா?"

"பள்ளிக்கூடத்துல லீவு லெட்டர்ல அப்பா கையெழுத்தை நீயே போட்டு மாட்டினியே, அன்னைக்கும் இதேதான் சொன்ன. ஒரு கையெழுத்துதானேன்னு."

மகள் கடிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கணவர் விடவில்லை. "சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அந்த எண்ணை அப்படியே விட்டா என்ன ஆகும்?"

"கம்பெனிக்காரன் அதை நம்பி இந்தத் துணியை அடைச்சுப் பெட்டி செய்வான். ஆறு பெட்டி வைக்க வேண்டிய பஸ்ல ரெண்டு வச்சா போதும்னு வைப்பான்."

"வச்சா?"

"மேட்டுல நிறுத்தினீங்கன்னா கிளம்பாது."

அவர் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். முகத்திலிருந்த விளையாட்டு போய்விட்டது. "மேட்டுல நிக்குது. உள்ள அறுபது பேரு. பின்னாடி வரிசையா ஹார்ன். அப்ப யாரைத் திட்டுவாங்க தெரியுமா? உன் துறைத்தலைவரை இல்ல, தாளையும் இல்ல. டிரைவரைத் திட்டுவாங்க." எழுந்து கடிதத்தை மகள் கையிலிருந்து வாங்கி, மடிப்பு கலையாமல் மடித்து அவளிடமே கொடுத்தார். "போடாத. யார் வந்து கேட்டாலும் போடாத."

கிடங்கு கட்டடத்தின் அடியில் இருந்தது. கண்ணாடிக் குடுவைகள், அமிலப் புட்டிகள், கையுறைப் பெட்டிகள், உடைந்த நாற்காலிகள். எது எங்கே இருக்கிறது என்று அங்கே இருந்தவர் யாருக்கும் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தால் தோற்றுப்போன மாதிரி இருக்கும் என்று பட்டது அவளுக்கு. முதல் வாரத்திலேயே அலமாரிகளைக் காலிசெய்து, துடைத்து, காலாவதியானவற்றைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு புட்டிக்கும் சீட்டு ஒட்டினாள். மாடியிலிருந்து சாமான் வாங்க வந்தவர்கள் அவள் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் எல்லாரையும் நேராகப் பார்த்தாள். "அமிலம் ஒரு புட்டியா ரெண்டா? எழுதிக் குடுங்க," என்பாள், பழைய குரலிலேயே.

எட்டாம் நாள் பென்சில் வந்தான். சாமான் வாங்க வரவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"அக்கா, அந்தக் கம்பெனியில எனக்கு வேலை குடுக்கறதா பேச்சு. எல்லாம் இந்த ஒரு ஃபைல்லதான் நிக்குது."

"தெரியும் தம்பி."

"நாலு வருஷம்கா. அம்மாவும் அப்பாவும் போன்ல தினமும் கேக்கறாங்க. இப்பதான் முதல் தடவையா சொல்லிக்கிற மாதிரி ஒண்ணு வந்திருக்கு. நீங்க ஒருத்தர்தான்..." பக்கத்துப் புட்டியின் சீட்டை நகத்தால் சுரண்டினான். "உங்களுக்கு எம்மேல என்னக்கா கோபம்?"

அவளுக்கு அவன்மேல் எப்போதும் ஒரு பிரியம் உண்டு. மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டுக் கருவி முன்னால் உட்கார்ந்திருக்கும் அவனுக்கு எத்தனையோ நாள் தன் டப்பாவில் பாதியைக் கொடுத்திருக்கிறாள். இப்போது அவன் கண் கலங்கி நிற்கிறான். ஆனாலும் சொன்னாள்.

"கோபமெல்லாம் இல்ல. ஒண்ணு கேக்கறேன். நீ அங்க வேலைக்குச் சேந்துட்ட. உன் முறைப்படி அவங்க ஆயிரம் துணி செய்யறாங்க. ஒண்ணுலயும் அறுநூத்தி நாப்பது வரல. அப்ப யாரைக் கூப்பிடுவாங்க?"

அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து விரலில் உருட்டினான்.

"நீ ஒரு துண்டை உலர்த்திப் பாத்தியா?"

"அப்ப என்னைத் திருடன்னு சொல்றீங்க!" என்று வெடித்தான் அவன். விருட்டென்று திரும்பிப் படியேறிப் போய்விட்டான். அன்றைக்குக் கையுறைப் பெட்டிகளை அவள் இரண்டு தரம் எண்ணினாள். இரண்டு தரமும் வேறு வேறு கணக்கு வந்தது.

கம்பெனிக்காரர்கள் வந்த நாள் மழை பிடித்துக்கொண்டது. விடியற்காலையிலிருந்து ஓயாத தூறல், சுவரெல்லாம் வியர்த்திருந்தது. பதினோரு மணி இருக்கும். பென்சில் கிடங்குக்கு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"அக்கா, மேல கூப்பிடறாங்க."

"யாரு?"

"கம்பெனி எஞ்சினியர். ஒரு மேடம். ஃபைலைப் பாத்ததும் எடைத்தாள்ல கையெழுத்து எங்கன்னு கேட்டுட்டாங்க. எடை போடறவங்க வேற பொறுப்புல இருக்காங்கன்னு சார் சொன்னார். கட்டடத்துலதானே இருக்காங்க, கூப்பிடுங்கன்னுட்டாங்க."

"சார் உங்கிட்ட என்ன சொல்லி அனுப்பினார்?"

அவன் தரையைப் பார்த்தான். "கையெழுத்துப் போடறதா இருந்தா வரச் சொன்னார். இல்லன்னா உடம்பு சரியில்லன்னு சொல்லிடச் சொன்னார்."

"நீ என்ன சொல்ற?"

அவன் கிடங்குக் கதவை அகலத் திறந்து பிடித்தான். அப்புறம், "வாங்கக்கா," என்றான். அவ்வளவுதான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

எஞ்சினியருக்கு ஐம்பது வயது இருக்கும். கத்தரித்த நரைமுடி, கழுத்தில் சங்கிலியோடு தொங்குகிற கண்ணாடி. பக்கத்தில் இரண்டு பேர் குறிப்பேடோடு உட்கார்ந்திருந்தார்கள். தராசக்கா உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். துறைத்தலைவர் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்.

"இது நீங்க போட்ட எடையாம்மா?"

"இல்லம்மா. அதான் கையெழுத்துப் போடல."

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "சின்னக் கருத்து வேறுபாடு. நிர்வாக விஷயம்."

"கருத்தெல்லாம் பெரியவங்களுக்கு சார்," என்றாள் தராசக்கா. "எங்கிட்ட இருக்கறது ஒரு எண்ணுதான். இந்தச் சுருள்ல வெறும் துணி பதினாலு வராது. எடை அறைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்க. இருநூறு துண்டு இருக்கு. ஒண்ணுகூட வந்ததில்ல."

"துணி இடத்துக்கு இடம் மாறும்," என்றார் துறைத்தலைவர்.

"மாறுதான்னு எடை போட்டுப் பாத்துடலாம் சார்."

"அதுக்கு உலர்ந்த துணி வேணும். உலர்த்த ஆறு மணி நேரம் ஆகும். மேடம் சாயங்காலம் கிளம்பறாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. தராசக்காவே ஒரு கணம் தடுமாறிப் போனாள். அப்போது கதவோரம் நின்றிருந்த பென்சில், யாரையும் பார்க்காமல், "எங்கிட்ட இருக்கு," என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நேத்தே பத்துத் துண்டு வெட்டி உலர்த்தி வச்சிருக்கேன். ஈரம் ஏறாத ஜாடியில இருக்கு."

துறைத்தலைவர் அவனைப் பார்த்த பார்வையில் வேறொருவனாக இருந்தால் சொன்னதையே மாற்றியிருப்பான். அவன் போய் எடுத்து வந்தான்.

எடை அறையில் நாலு பேர் நின்றாலே நெருக்கம். அன்றைக்கு ஆறு பேர் நின்றார்கள். தராசக்கா மின்விசிறியை நிறுத்தினாள். "யாரும் மேசைமேல கை வைக்காதீங்க," என்றாள். பதினைந்து நாள் கழித்துத் தன் இடத்தில் உட்கார்ந்ததும் அவள் தோள்கள் தாமாக நிமிர்ந்தன. இடுக்கியால் ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்து, கண்ணாடியைச் சாத்தினாள். எண் ஆடி ஆடி நின்றது.

13.03.

"இது உலர்ந்த துணி," என்றாள். "இப்ப கண்ணாடியைத் திறக்கறேன். யாரும் ஒண்ணும் செய்ய வேண்டாம். பாத்துட்டே இருங்க."

திறந்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு 13.05 ஆனது. 13.09. 13.14. வெளியே மழை சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தட்டில் கிடந்த அந்தக் கறுப்புத் துண்டை யாரும் தொடவில்லை, ஊதவில்லை; எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"என்ன ஆகுது?" என்று குறிப்பேட்டுக்காரர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"தண்ணி குடிக்குது," என்றாள் அவள்.

பத்து நிமிஷத்தில் 13.60. துறைத்தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபத்தைந்து நிமிஷம் கழித்து எண் 14.01-இல் வந்து தயங்கி, ஒரு தரம் 14.02 காட்டி, அங்கேயே நின்றுவிட்டது.

"அன்னைக்கும் மழைதான்," என்றான் பென்சில். "நான் உலர்த்தாம எடை போட்டுட்டேன் மேடம். தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா நேத்து இதே மாதிரி தனியாப் போட்டுப் பாத்தப்ப தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் காலையில உங்ககிட்ட சொல்லல."

எஞ்சினியர் குறிப்பேட்டை வாங்கி ஓரத்தில் கணக்குப் போட்டார். "அப்ப ஆக்சைடு அரை இல்ல, கிட்டத்தட்ட ஒண்ணரை. கிராமுக்கு இருநூத்திப் பதினஞ்சு." கணக்கை இரண்டு தரம் அடிக்கோடிட்டார். ஃபைலை மூடினார். "நல்லவேளை," என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் மூவரும் குடையை விரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"ஒரு வருஷப் பேச்சு," என்றார் துறைத்தலைவர். "ஒரு துண்டுத் துணியில முடிச்சு வச்சிட்டீங்க. திருப்தியா?"

"இல்ல சார்," என்றாள் தராசக்கா. "அன்னைக்கே நாலு நாள் குடுத்திருந்தீங்கன்னா திருப்தியா இருந்திருக்கும்." துணியை எடுத்து ஜாடியில் போட்டு மூடி, மின்விசிறியைப் போட்டுவிட்டு, கிடங்குக்கு இறங்கிப் போனாள்.

அவள் சொன்னது சரி என்று நிரூபணமானதால் மறுநாளே மாலை போட்டு அழைத்துப் போனார்கள் என்று நினைத்தால் தப்பு. மூன்று மாதம் அவள் கிடங்கிலேயே இருந்தாள். துறைத்தலைவர் படியில் எதிர்ப்பட்டால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடந்தார். பென்சில்தான் ரொம்பப் பட்டான். கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று அவன் சொன்னதும் துறைத்தலைவர் குதித்தார். "நீங்க எழுதலைன்னா நானே பத்திரிகைக்கு எழுதறேன் சார், எம்பேரும் அதுல இருக்கு," என்று சொல்லிவிட்டான், அந்த ஒல்லிக்குச்சி உடம்பை வைத்துக்கொண்டு. ஒரு வாரம் கழித்து இருவரும் கையெழுத்திட்ட கடிதம் போனது. பிறகு அவன் முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு துணியையும் உலர்த்தி, பன்னிரண்டு துண்டு செய்தான். கிடங்குக்கு வந்து எண்களை வாசித்துக் காட்டினான். இருநூற்று ஒன்பது, இருநூற்றுப் பதினைந்து, இருநூற்றுப் பதினெட்டு.

"சின்ன எண்ணுதான்கா. ஆனா எத்தனை தடவை செஞ்சாலும் இதே வருது. ஐயாயிரம் தடவை ஏத்தி இறக்கிட்டேன், அப்பவும் விழல."

"சாப்பிட்டியா?" என்றாள். அவன் இல்லையென்று தலையாட்ட, டப்பாவை நகர்த்தினாள்.

நாலாம் மாதம் எஞ்சினியரிடமிருந்து கடிதம் வந்தது. பஸ்ஸை மேட்டில் தள்ளுவதற்கு இது போதாது. ஆனால் விபத்து நேரத்தில் மின்சாரம் போய்விட்டால் கதவைத் திறப்பதற்குத் தாராளமாகப் போதும். சோதனைக்கு ஐம்பது துண்டு வேண்டும், ஆறு வாரத்தில். ஒரே நிபந்தனை: எடைத்தாள் ஒவ்வொன்றிலும் அந்த அம்மாவின் கையெழுத்து இருக்க வேண்டும்.

துறைத்தலைவரின் உதவியாளர் கிடங்குக்கு வந்தார். "நாளையிலேருந்து மேல வந்துடச் சொன்னார்."

"வாயால சொன்னா வர மாட்டேங்க," என்றாள் அவள். "எழுத்துல அனுப்பினார், எழுத்துலயே கூப்பிடட்டும்."

மறுநாள் எழுத்தில் வந்தது. வேலையின் தேவை கருதி எடை அறைக்குத் திரும்ப மாற்றப்படுகிறார். அதைப் படித்துவிட்டு, கைப்பையிலிருந்து நாலாக மடித்த பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை அவளாகவே மாடியேறினாள். நாற்காலியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

"இதுல ஒத்துழையாமைன்னு இருக்கு சார். அது என் பணிப்பதிவேட்டுலயும் ஏறியிருக்கு. அதை எடுத்துட்டா வரேன்."

"ஒரு தடவை ஏறினதை அடிக்க முடியாது. விதி இல்ல."

"அப்ப நான் கிடங்குலயே இருக்கேன் சார். புட்டியெல்லாம் நல்லாப் பழகிடுச்சு."

"ஆறு வாரத்துல ஐம்பது துண்டு குடுக்கணும். விளையாடறீங்களா?"

"நான் எதுக்கு சார் விளையாடணும்? நான் ஒத்துழைக்கலன்னு எழுதியிருக்கீங்க. ஒத்துழைக்காதவ கையெழுத்து உங்களுக்கு எதுக்கு?"

அவர் முகம் கன்றிப்போனது. அவள் எழுந்து வந்துவிட்டாள். கீழே வந்து தண்ணீர் குடித்தாள். இரண்டு வாரம் போனது. வீட்டில் மகள் தினமும் வாசலிலேயே நின்று, "வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். போட்டுத் தொலை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மாடியில் பென்சில் ஐம்பது துண்டையும் வெட்டி உலர்த்தி வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

பதினைந்தாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. மேற்படி குறிப்பு தவறுதலாகச் சேர்க்கப்பட்டது, திரும்பப் பெறப்படுகிறது. கீழே துறைத்தலைவரின் கையெழுத்து. தவறுதலாக என்ற வார்த்தையில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அது போதும். கிடங்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

நேரம் குறைவாக இருந்தது, அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு துண்டையும் மூன்று தரம் வைத்தாள், உலர்த்திய நேரத்தை எழுதாதவற்றைத் தொடவே மறுத்தாள். ஆக்சைடு ஏறி ஐம்பதும் திரும்பி வந்தபோது, பதினொரு துண்டுகளுக்கு மூன்று தரம் போட்ட எடையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அவற்றைத் தனித்தட்டில் ஒதுக்கி வைத்தாள். பென்சில் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு இன்னும் பதினொன்று செய்யத் துணிச்சுருளை எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் துறைத்தலைவரே எடை அறைக்கு வந்தார். இத்தனை மாதத்தில் அவராகத் தேடி வந்து அவளிடம் பேசியது அன்றுதான்.

"பதினொண்ணும் போயிடுச்சா? நாலஞ்சையாவது விட்டுடலாமே. சின்ன வித்தியாசம்தானே?"

"இல்ல சார்."

"நாள் இல்ல."

"செஞ்சுட்டிருக்கான் சார். வந்துடும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தராசுத் தட்டில், சந்தேகத்தில் மறுபடி வைத்த பன்னிரண்டாவது துண்டு இருந்தது. எண் இன்னும் நிற்கவில்லை. அவள் அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "போகும்போது கதவை மெதுவாச் சாத்துங்க சார். எண் ஆடுது."